மூன்றாவது வரி தெரியவில்லை

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

போகும்போது அலாரம் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அது நம் இரண்டு பேருக்கும் பொது என்று சொல்லித்தான் அப்பா வாங்கினார். நர்ஸ் பயிற்சி விடுதியில் மணி அடித்து எழுப்பமாட்டார்களா? எல்லாருடைய போனையும் பிடுங்கிப் பூட்டி வைக்கத் தெரிந்த வார்டனுக்கு மணியடிக்கத் தெரியாதா? இப்போது நான் அம்மாவின் குரலில்தான் எழுந்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும்.

ஆனால் நான் எழுத வந்தது கடிகாரத்துக்காக இல்லை.

நம் எதிர் வீடு காலியாகக் கிடந்ததே, அங்கே ஆள் வந்தாயிற்று. அப்பா, மகள், இரண்டே பேர். அவர் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மகளுக்கு உன் வயது இருக்கும். கண் பரிசோதனைப் படிப்பில் கடைசி வருஷம். செப்டம்பரில் செய்முறைத் தேர்வு என்பதால் சாயங்காலம் முழுக்க வீட்டிலேயே பழகுகிறாள். அதற்கு எழுத்து அட்டையை நாற்காலியிலிருந்து இருபது அடி தள்ளி மாட்ட வேண்டுமாம். அவர்கள் கூடத்துக்கு அந்த நீளம் இல்லை. ஒரு நாள் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டே அவர்கள் வாசலைத் தாண்டி, நடுவில் உள்ள நடையைத் தாண்டி, நம் வாசலையும் தாண்டி வந்து, நம் கூடத்துச் சுவரில் முட்டி நின்றாள்.

"ஆன்ட்டி, இங்க ஒரு ஆணி அடிச்சுக்கலாமா?"

நான் ஒரு படம் ஒட்டினால் ஊரைக் கூட்டுகிற நம் அம்மா, "தாராளமா அடிச்சுக்கோம்மா" என்றாள்! ஆகவே இப்போதெல்லாம் சாயங்காலம் இரண்டு வீட்டுக் கதவும் திறந்தே கிடக்கும். நோயாளி அங்கே உட்கார்ந்து நம் சுவரைப் படிப்பார். அம்மாவுக்கு அட்டை முழுக்க மனப்பாடம்.

அவள் வேலை செய்வதை நீ பார்க்க வேண்டும். லென்ஸ் பெட்டியைப் பார்க்காமலே கை போய்ச் சரியான குழியிலிருந்து எடுக்கும். துடைக்காமல் ஒன்றைக்கூட மாட்டமாட்டாள். "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று முதல் தடவை கேட்கிற அதே மரியாதையோடு கடைசித் தடவையும் கேட்பாள். நாற்காலியில் நோயாளியாக உட்காருகிற அவள் அப்பாதான் "எல்லாம் ஒண்ணுதாம்மா, விடு" என்று எரிந்து விழுவார். அவளுக்குக் கோபமே வராது.

அக்கா, எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. சாப்பாடு இறங்காத அளவுக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு தொல்லை. முதல் நாளே அம்மா என்னை முன்னால் தள்ளி, "இவன் என் பையன். அக்கான்னு கூப்பிடுடா" என்றாள். அவளும் உடனே, "ஹலோ தம்பி" என்றாள். அன்றைக்கு விழுந்த முத்திரை இன்னும் அழியவில்லை. ஒரு பெண் தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்த என்ன வழி? உனக்குத் தெரிந்திருக்குமே.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவன்
('தம்பி' என்று எழுதக் கை வரவில்லை.)

ஜூன் 17

டேய்,

முளைத்து மூன்று இலை விடவில்லை, அதற்குள் சாப்பாடு இறங்கவில்லையா? அம்மாவிடம் கேட்டால் இறங்குகிறதா இல்லையா என்று சொல்வாள். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அப்பா வேலை முடிந்து நேரத்தோடு வருகிறாரா, இதில் ஒன்றாவது எழுதினாயா? கடிதம் பூராவும் அந்த டார்ச்சைப் பற்றித்தான். ஆமாம், கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கிறவள்தானே, அவளுக்கு நான் டார்ச் என்று பெயர் வைத்துவிட்டேன்.

கடிகாரம் திரும்பி வராது.

இங்கே எனக்கு ஆண்கள் வார்டு. ஊசி போடப் பழகுகிறோம். முதல் நாள் கை நடுங்கிய நடுக்கத்தில் மருந்துக் குப்பியே தாளம் போட்டது. நல்ல வேளை, என் பங்குக்கு ஒரு பெரியவர் கிடைத்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் ஊசி உண்டு. போட்டு முடித்ததும், "வலிக்கவே இல்லம்மா. பூ வச்ச மாதிரி இருக்கு" என்பார். அதைக் கேட்டுக் கேட்டே நடுக்கம் போய்விட்டது. இப்போது என் கைராசியைப் பற்றி நானே நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி என்பதை நிறுத்த வழி கேட்டாய். வழி இல்லை. அவள் கூப்பிட்டால் "சொல்லுங்கக்கா" என்று போய் நில். ஆணி அடிக்கக் கூப்பிட்டால் ஆணி அடி. அதற்கு மேல் ஒன்றும் செய்யாதே. நீ ஏதாவது செய்ய ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

உன் அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. அப்பா நேரத்தோடு வருகிறார். போதுமா?

நான் ஒன்று செய்துவிட்டேன்.

அவள் பழகுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மாடி வீட்டுத் தையல்காரரைப் பார்த்தாள். என் முறையும் வந்தது. அவளிடம் குச்சி மாதிரி ஒரு விளக்கு இருக்கிறது. கூடத்து விளக்கை அணைத்துவிட்டு அதன் ஒளிக்கோட்டைக் கண்ணுக்குள் ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே தெரிகிற வெளிச்சம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்தே, நோயாளி வாயைத் திறக்காமல் பவரைச் சொல்லிவிடலாமாம். அதற்குப் பிறகு லென்ஸ் போட்டு, அட்டையைப் படிக்கச் சொல்லி, நோயாளி வாயாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது.

விளக்கு ஆட்டிவிட்டு, "உனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அருமையான கண்ணு" என்றாள். எனக்குப் பகீர் என்றது. அருமையான கண் என்றால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? அட்டையைப் படிக்கச் சொன்னாள். இரண்டு வரி படித்தேன். "மூணாவது வரி தெரியல" என்றேன்.

அக்கா, அந்த அட்டை நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பல் தேய்க்கும்போதுகூட அதைத்தான் பார்க்கிறேன். நான் பொய் சொல்கிறேன் என்று யாருக்குமே தோன்றவில்லை. "மனப்பாடமா தெரிஞ்ச அட்டையையே படிக்க முடியலன்னா பார்வை எவ்வளவு மோசமா இருக்கணும்!" என்று அவளே கவலைப்பட்டாள். மறுநாளும் வரச் சொன்னாள். அதற்கு மறுநாளும். தினமும் கனமான இரும்பு பிரேமை என் மூக்கில் ஏற்றி, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று கேட்டு, லென்ஸை மாற்றி மாற்றிப் போடுகிறாள்.

ஆனால் விளக்கு அடிக்கும்போது நோயாளி தூரத்தில்தான் பார்க்க வேண்டும், அவளைப் பார்க்கக் கூடாது. அவள் முகம் என் காதருகே இருக்கிறது. நான் பார்ப்பதோ இருபது அடிக்கு அப்பால் பனியனோடு உட்கார்ந்து முதுகு சொறிகிற நம் அப்பாவை. என் காதல் இந்த லட்சணத்தில் போகிறது. ஆனாலும் எனக்கு இது போதும்.

உன் கூடப் பிறந்தவன்

ஜூலை 10

கேடிப் பயலே,

விடுதி முழுக்க உன் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டேன். அப்பா முதுகு சொறிகிற இடத்தில் ஒருத்தி கட்டிலிலிருந்து உருண்டே விழுந்தாள். எல்லாரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

சிரித்தாலும் சொல்லிவிடுகிறேன், இது நாள்பட நல்லதற்கு இல்லை. சீக்கிரம் மூன்றாவது வரி தெரிந்துவிடட்டும்.

பெரியவர் நேற்றும் பூ என்றார். வார்டு சிஸ்டர் இன்னும் என் ஊசியைப் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. பார்த்தால் அசந்துபோவார்.

உன் அக்கா

ஜூலை 24

அக்கா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டாதே.

நேற்று சாயங்காலம் கதவு திறந்திருந்தது. அட்டைக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் அப்பாவிடம் பேசுவது கேட்டது.

"என் விளக்குக்குத் தெரியுறது ஒண்ணு, அந்தத் தம்பி சொல்றது ஒண்ணு. தினமும் இதே கதைதான். மத்தவங்க யாருக்கும் இப்படி இல்லையேன்னு நினைச்சேன். இப்போ மத்தவங்களுக்குப் பார்த்ததும் சரிதானான்னு சந்தேகமா இருக்குப்பா."

"நோயாளி சொல்றதுதானேம்மா கணக்கு?"

"அப்போ எனக்கு விளக்குப் பார்க்கவே தெரியலன்னு அர்த்தம். வேணாம்ப்பா. இந்த வருஷம் தேர்வு எழுதல. கடையில உட்கார்ந்து பிரேம் மாட்டுறேன்."

கணக்கு நோட்டில் என்ன எழுதினேன் என்றே தெரியவில்லை. அந்தக் கையும் விளக்கும் எவ்வளவு சரியானவை என்று இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த நானே அதைக் கெடுத்து வைத்திருக்கிறேன்.

உடனே சரிசெய்யலாம் என்று போனேன். நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னைக்கு எல்லாம் தெரியுது! அம்மா நிறைய கேரட் குடுத்தாங்க" என்றேன். அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். இன்னும் வாடிப்போயிற்று. "நேத்து ஒரு பவர், இன்னைக்கு ஒரு பவரா? அப்போ நான் இத்தனை நாள் எதைத்தான் அளந்தேன்?" என்றாள். லென்ஸ் பெட்டியை மூடினாள். முதல் தடவையாக ஒரு லென்ஸைத் துடைக்காமல் வைத்து மூடினாள் அக்கா.

உண்மையைச் சொன்னால் இனி என் முகத்தில் விழிக்கமாட்டாள். சொல்லாவிட்டால் தேர்வுக்குப் போகமாட்டாள். பெயர் கொடுக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. பொய்யும் இல்லாமல் உண்மையும் இல்லாமல் நடுவில் ஒரு வழி இருந்தால் எழுது. ப்ளீஸ்.

ஜூலை 30

தம்பி,

நடுவில் வழி கிடையாது.

போன வாரம் பெரியவர் குணமாகி வீட்டுக்குப் போனார். அந்தப் படுக்கைக்கு ஒரு காய்கறி வியாபாரி வந்தார். நான் ஊசி போட்டதும் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். "ஏம்மா, ஊசி போடுறியா, கடப்பாரை இறக்குறியா?" வார்டு சிஸ்டர் ஓடிவந்து, அடுத்த படுக்கைக்காரருக்கு என்னைப் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். நான் மருந்தை அவசரமாக இறக்குகிறேனாம். முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இறக்கியிருக்கிறேன்.

பெரியவர் ஏன் எப்போதும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, ஊசிக்கு ஒரு சின்ன இடத்தை மட்டும் விலக்கிக் காட்டினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் மகளிடம் கேட்டு அனுப்பினேன். இரண்டு கையும் கன்றிப்போய் நீலமாக இருக்கிறதாம். "சின்னப் பொண்ணு, மனசு விட்டுடக் கூடாதுன்னு சொல்லல" என்றாராம்.

அவருக்கு என்மேல் பாசம். அந்தப் பாசத்தால் எத்தனை பேர் கையை நான் நீலமாக்கியிருப்பேனோ, தெரியாது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கற்றுக்கொள்கிறவளுக்கு நோயாளி சொல்வதைத் தவிர வேறு என்னடா பிடிமானம்? அதிலேயே பொய் கலந்தால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேனே, அதற்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போய்ச் சொல். முதலில் அவள் விளக்கு சரியாகச் சொன்னது என்று சொல். பிறகு நீ பொய் சொன்னதைச் சொல். காதலைக் கடைசியில் வை, அதுவும் அவளாகக் கேட்டால் மட்டும். அதைக் காரணமாகக் காட்டி மன்னிப்பு வாங்கப் பார்க்காதே.

உன் அக்கா

ஆகஸ்ட் 8

அக்கா,

சொல்லிவிட்டேன்.

தனியாகச் சொல்லலாம் என்றுதான் போனேன். அந்த வீட்டில் தனிமை ஏது? இரண்டு கதவும் திறந்திருந்தன. அங்கே அவள் அப்பா, இங்கே அட்டைக்குக் கீழே வெங்காயம் நறுக்குகிற நம் அம்மா, பக்கத்தில் பேப்பரோடு நம் அப்பா. "கடைசியா ஒரு தடவை பாருங்க" என்றேன். அரைமனதோடு பிரேமை மாட்டினாள். லென்ஸ் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாவது வரியைத் தாண்டினேன். கடைசி வரியையும் படித்தேன். அதற்குக் கீழே எறும்பு மாதிரி அச்சகத்தின் பெயர் போட்டிருக்கிறதே, அதையும் அதன் தெருப் பெயரையும் சேர்த்துப் படித்தேன்.

"அது மனப்பாடமா இருக்கும்" என்றாள்.

"அப்பா கையில இருக்கிற பேப்பரைப் படிக்கட்டுமா?" என்று கேட்டு, தலைப்புகளை வரிசையாக வாசித்தேன். "உங்க விளக்கு முதல் நாளே சரியா சொல்லிச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். தினமும் பொய் சொன்னேன். கேரட்டும் பொய்."

அவள் பிரேமைக் கழற்றினாள். விளக்கை எடுத்து இரண்டு கண்ணிலும் ஆட்டிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். "அப்போ நான் பார்த்தது சரி" என்றாள், என்னிடம் இல்லை, தனக்குள். பிறகு சத்தமாக, "அப்பா! நான் பார்த்தது சரிப்பா! முதல் நாளே சரி!" அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. இத்தனை நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் காத்திருந்த சிரிப்பு அதுதான் அக்கா. அது எனக்காக வந்ததில்லை, ஆனாலும் மனசு நிறைந்துவிட்டது.

பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "ஏன் பொய் சொன்னே?"

கேட்டுவிட்டாளே! சொன்னேன். "உங்களை ரொம்பப் பிடிச்சிருந்தது. தினமும் வரணும்னு தோணுச்சு." இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது. அப்பா பேப்பரைத் தலைகீழாகத் திருப்பினார்.

"எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல தம்பி. இனிமேயும் வராது. அதுக்காக உன்மேல கோபம் இல்ல. ஆனா இத்தனை நாள் என்னையே நான் சந்தேகப்பட்டேன் பாரு, அதுக்குக் கோபம் இருக்கு. கொஞ்ச நாள் இருக்கும்."

எழுந்து நம் வீட்டுக்குள் வந்து, அம்மாவிடம் "எடுத்துக்கிறேன் ஆன்ட்டி" என்று சொல்லி அட்டையைச் சுருட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்திவிட்டாள். சுவரில் அந்த ஆணியும், அட்டை இருந்த இடத்தில் அழுக்குப் படாத ஒரு கட்டமும்தான் இருக்கின்றன. அம்மா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆனால் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டாளாம். அவள் அப்பா படியில் பார்த்தபோது சொன்னார்.

ஆகஸ்ட் 16

என் தங்கமே,

அம்மாவும் எழுதியிருந்தாள். "பையன் ஒரு வாரமாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறான், பயமாக இருக்கிறது" என்று. கூடவே ஒரு வரி, "அந்தப் பெண் முன்னால் தலை குனியாமல் சொன்னான்" என்று. அம்மா உன்னைப் பாராட்டி நான் பார்த்ததில்லை. அந்த வரியை வெட்டி என் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

எனக்கு உன் வயதில் இந்தத் தைரியம் இல்லை. இப்போதும் இருக்கிறதா என்று தெரியாது.

நேற்று பெரியவர் மறுபரிசோதனைக்கு வந்தார். ஊசி போட நானே போனேன். "தாத்தா, இன்னைக்கு உண்மையைச் சொல்லணும்" என்று சட்டமாகச் சொல்லிவிட்டு, மருந்தை நிதானமாக இறக்கினேன். கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "சுருக்குனு இருந்துச்சும்மா. ஆனா அவ்வளவுதான்" என்றார். பூ என்று சொன்ன நாளெல்லாம் வராத சந்தோஷம் வந்தது.

வலிக்கும்டா. கொஞ்ச நாள் வலிக்கட்டும்.

கடிகாரத்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா

செப்டம்பர் 21

அன்புள்ள அக்கா,

கடிகாரம் வந்தது. கண்ணாடி கீறியிருக்கிறது. பரவாயில்லை.

நேற்று சாயங்காலம் கதவு தட்டினார்கள். திறந்தால் அவள், கையில் சுருட்டிய அட்டை. தேறிவிட்டாளாம். தேர்வில் அவளுக்கு வந்த நோயாளி ஒரு பள்ளிக்கூடச் சிறுமி. எந்த வரியும் தெரியவில்லை என்றாளாம். விளக்கு அடித்தால் அருமையான கண். "முன்ன மாதிரி இருந்தா நான் பயந்திருப்பேன்" என்றாள். கூட்டுகிற லென்ஸ் ஒன்று, அதைச் சரியாகக் கழிக்கிற லென்ஸ் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் போட்டாளாம். சேர்ந்தால் அது வெறும் கண்ணாடிதான், ஒரு பவரும் இல்லை. "இப்ப எல்லாம் தெரியுது டீச்சர்!" என்று சிறுமி கடகடவென்று படித்துவிட்டாளாம். தோழி கண்ணாடி போட்டிருக்கிறாள், தனக்கும் வேண்டும் என்று ஆசை, வேறொன்றும் இல்லை. தேர்வாளர் எழுந்து நின்று கை கொடுத்தாராம்.

"வேலைக்குச் சேர்ந்தா இந்த மாதிரி நிறைய பேர் வருவாங்க. பொய் சொல்றவங்களைக் கண்டுபிடிக்கப் பழகணும். உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா தம்பி? வந்து நல்லா பொய் சொல்லு" என்றாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆணி அங்கேயேதான் இருந்தது. அட்டையை நான் மாட்டினேன்.

எதிரே போய் உட்கார்ந்தேன். மூன்றாவது வரி தெரியவில்லை என்றேன், பிடித்தாள். இடது கண் மங்கல் என்றேன், பிடித்தாள். எழுத்து இரண்டாகத் தெரிகிறது என்றேன், "அட, தேறிட்டியே" என்று சொல்லிக்கொண்டே பிடித்தாள். ஒரு பொய்யும் அவளிடம் நிற்கவில்லை. வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறதாம், மாதக் கடைசியில் போகிறாள். அந்தக் கை கிடைக்க எந்த ஆஸ்பத்திரியும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கடைசியில் விளக்கை எடுத்தாள். நான் தூரத்தில் பார்த்தேன். அப்பா, பனியன், பேப்பர். அவள் மெதுவாகக் கேட்டாள். "இன்னும் அந்த நினைப்பு இருக்கா?"

"இல்ல" என்றேன்.

விளக்கு ஒரு நிமிஷம் என் கண்ணிலேயே நின்றது. "சரி" என்று சொல்லி அணைத்துவிட்டு, லென்ஸ்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

உன் தம்பி